ரத்தினசாமியின் வலது கட்டைவிரல்

ஆம்பூர் ஞானமுத்துவின் கைகளில் பத்து விரல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவருடையதில்லை என்பது அவருடைய எழுபத்தோராவது வயதில், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்து அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

தெரிவித்தது ஜோசியன் அல்ல, கம்ப்யூட்டர். ஜோசியன் என்றால் பரிகாரம் சொல்லியிருப்பான். கம்ப்யூட்டர் படிவம் கொடுத்தது.

ஞானமுத்து முப்பத்தெட்டு வருஷம் ஒரே டேனரியில் வேலை பார்த்தவர். செலக்‌ஷன் மேஸ்திரி. பதனிட்டுக் காய்ந்து வரும் தோலை மேசைமேல் விரித்து, விரலால் ஒரு தடவு தடவி, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம், இது தள்ளுபடி என்று பிரித்துக் கட்டுகிற வேலை. அந்த மாடு உயிரோடு இருந்தபோது எந்த முள்வேலியில் உரசியது, உண்ணி எங்கே கடித்தது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால் விரல்களைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துக்கொண்டார். தினமும் தேங்காய் எண்ணெய் தடவுவார். வீட்டில் ஒரு பாத்திரம் துலக்கியதில்லை. கேட்டால், விரல் கம்பெனி சொத்து என்பார்.

டேனரி நாற்றத்துக்கு நடுவே முப்பத்தெட்டு வருஷம் டிபன் கேரியரைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்ட அந்த மூக்குக்குக் கருவாட்டு வாசனை மட்டும் ஆகாது. தெருவில் யார் வீட்டில் கருவாடு வெந்தாலும் எழுந்து சர்ச்சுக்குப் போய்விடுவார். தெருவில் அவருக்குப் பக்திமான் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மூடிக்கொண்டது. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை வங்கியில் போட்டார். வட்டியில் அரிசி, மாடி வாடகையில் மருந்து என்று அவரும் மனைவி பொன்மலரும் காலத்தை ஓட்டினார்கள். பிள்ளைகள் இல்லை. பொன்மலர் தனியார் பள்ளியில் முப்பது வருஷம் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமுமாக ஓய்வு பெற்றவர்.

இந்த மாதிரி மனிதர்களை அரசாங்கம் நெடுநாள் கவனிக்கவில்லை. ஏழைகளுக்கு ஒரு கார்டு இருந்தது. இவர்களுக்குச் சொந்தத்தில் ஒரு மாடி இருந்ததால் இவர்கள் ஏழைகள் இல்லை. அரசாங்கப் பென்ஷன்காரர்களுக்கு ஒரு கார்டு இருந்தது. இவர்கள் அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தன் காசைத் தானே தின்றுகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் நோய்ப்பட்டுக்கொண்டிருக்கும் ஓர் இனம் இருப்பது கடைசியில் எப்படியோ கண்டுபிடிக்கப்பட்டு, அவர்களுக்கென்றே மருத்துவச் சலுகை அட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. கணவன் பேரில் கார்டு எடுத்தால் மனைவிக்கும் செல்லும்.

பொன்மலரின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. மூன்று படி ஏறினால் நாலாவது படியில் உட்கார்ந்துவிடுவார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை சேர்த்துக்கொள்வதாகவும் புதன்கிழமை ஆபரேஷன் என்றும் தேதி கொடுத்திருந்தார்கள். கார்டு இருந்தால் ஒரு கைரேகையோடு போயிற்று. இல்லையென்றால் டெபாசிட்டை உடைக்க வேண்டும். டெபாசிட்டை உடைத்தால் வால்வு ஓடும், அடுப்பு நின்றுவிடும். கார்டு கொடுக்கும் முகாம் திங்கட்கிழமை மத்தியானத்தோடு முடிகிறது.

சனிக்கிழமை காலையில் ஞானமுத்து சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பொன்மலரிடம் ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு முகாமுக்குப் போனார். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் வாடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் அஃப்ஷா என்று ஒரு பெண், தலையில் முக்காடும் காதில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு டப்பாவை அவர் பக்கம் தள்ளி, வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னாள்.

வைத்தார்.

"தேங்க் யூ" என்றது டப்பா. ஒரு பெண் குரல். எந்த ஊர்ப் பெண் என்று சொல்ல முடியாத குரல்.

இந்தக் குரலை அவருக்குத் தெரியும். திரையைப் பார்த்த அஃப்ஷா அவரைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க பேரு ரத்தினசாமியா?"

திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒட்டிய கன்னமும், சுண்ணாம்பு படிந்து வெளுத்த புருவமுமாக ஒரு முகம் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. மாதனூர் ரத்தினசாமி. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அடுத்த விரலை வைக்கச் சொன்னாள். ஆள்காட்டி விரல் இன்பராஜ் என்றது. இன்பராஜ் போன மாதமே கார்டு வாங்கிக் கண் ஆபரேஷனும் பண்ணிக்கொண்டுவிட்டதாகத் திரை சொன்னது. நடுவிரல் தௌசீப் அகமது. இப்படி ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முகம் வந்து போயிற்று. ஒவ்வொரு முகத்துக்கும் அந்தக் குரல் நன்றி சொன்னது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் மெல்ல இரண்டடி பின்வாங்கினார்கள். கடைசியாக இடது சுண்டுவிரலை வைத்தார்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது குரல். நாலு தரம் வைத்தார், நாலு தரமும் அதையே சொன்னது.

அந்தச் சுண்டுவிரல்தான் அவருடையது.

இது பேய்க்கதை அல்ல, நிர்வாகக் கதை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் விரல் வைத்து வருகை பதிகிற மெஷினை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். அது ஆபீஸ்காரர்களை ஏற்றுக்கொண்டது. தோலின் மயிரைக் கழிக்கிற சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை செய்தவர்களை ஏற்கவில்லை. வருஷக்கணக்கில் சுண்ணாம்பிலும் மருந்திலும் ஊறி, ஒன்பது பேருக்கு விரல் நுனி உருளைக்கிழங்கு மாதிரி ஆகியிருந்தது. ரேகை என்று எதுவும் இல்லை. அவர்கள் தினமும் வேலைக்கு வந்தார்கள். மெஷின் தினமும் அவர்கள் வரவில்லை என்றது. சம்பளம் போடுவது மெஷினை நம்பி.

சூப்பர்வைசர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு செலக்‌ஷன் பக்கம் போய் ஞானமுத்துவின் கைகளைப் பிடித்துப் பார்த்தார். பத்தும் புத்தம் புதுசு. ஆளுக்கு ஒரு விரல் என்று ஒன்பது விரல்களை ஒன்பது பேர் பேரில் பதிந்து, இடது சுண்டுவிரலை அவருக்கே விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு ஞானமுத்து மெஷின் முன்னால் நின்று, ஆர்மோனியம் வாசிப்பவர் மாதிரி ஒவ்வொரு விரலாக வைத்து எடுப்பார். பத்து தேங்க் யூ. அந்தக் காலத்தில் அது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தீபாவளிக்கு ஒன்பது வீட்டு அதிரசம் வந்தது.

கம்பெனி மூடுவதற்கு நாலு மாதம் முன்பு, தோலை இஸ்திரி போடுகிற சூட்டுத் தகட்டில் அந்தச் சுண்டுவிரல் பட்டுப் பொசுங்கியது. ஆறியபோது தழும்பும் இல்லாமல், ரேகையும் இல்லாமல் வழவழவென்று ஆறியது. தோலாக இருந்தால் முதல் ரகத்தில் போட்டிருப்பார். அதற்குப் பிறகு மெஷின் கணக்கில் ஒன்பது பேர் வந்தார்கள், ஞானமுத்து வரவில்லை. சூப்பர்வைசர் கையால் எழுதிச் சமாளித்தார்.

இப்போது கார்டு கொடுப்பவர்கள், தனியார் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களின் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்று யோசித்து, கம்பெனிகளின் பழைய வருகை மெஷின்களிலிருந்தே எடுத்திருந்தார்கள். மனிதன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்ற நல்லெண்ணம்தான்.

கண்ணை வைத்துப் பார்க்கிற மெஷின் இல்லையா என்று ஞானமுத்து கேட்டார். அது ரிப்பேருக்குப் போயிருப்பதாக அஃப்ஷா சொன்னாள். உயிரோடிருக்கிறவர்கள் நேரில் வந்து விரலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு நாளாகும்; இறந்தவர் விரல் என்றால் வாரிசு ஆட்சேபணை இல்லை என்று ரேகை வைத்தால் போதும் என்று விளக்கி, ஒரு படிவத்தை எடுத்தாள். திங்கட்கிழமை முதலில் ரத்தினசாமி பேரிலேயே ஒரு தடவை விரல் வைத்து அவர் கணக்கைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் பேரை மாற்ற முடியும் என்றும் சொன்னாள். எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அங்கிள், இதுல ஒரு பேஜார் இருக்கு. இவரு இறந்தது ஆகஸ்ட் அஞ்சாம் தேதி. ஆனா ஞாயிறு, ஆகஸ்ட் பதினஞ்சு போக இருபத்திநாலு வரைக்கும் டூட்டிக்கு வந்திருக்காரு. பதினேழு நாளு."

ஞானமுத்து படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"காரணம்னு ஒரு காலம் இருக்கு. மெஷின் கோளாறுன்னு எழுதிடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தப் பதினேழு நாள் அவருக்கு ஞாபகமில்லாமல் இல்லை. ஒரு திங்கட்கிழமை வழக்கம்போல ஏழு ஐம்பத்தைந்துக்குப் பத்து விரலையும் வைத்துவிட்டார். எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் ரத்தினசாமி இல்லாமல் வந்தது. பத்து மணிக்குச் சேதி வந்தது, விடியற்காலை நாலு மணிக்கே நெஞ்சடைத்துப் போய்விட்டாரென்று. ஆனால் மெஷின் கணக்கில் அவர் வந்தாகிவிட்டது. வந்தவரை வரவில்லை என்று மாற்ற ஹெட் ஆபீஸ் உத்தரவு வேண்டும். உத்தரவு வரும்வரை திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும், வழக்கம்போல வை என்றார் சூப்பர்வைசர். பதினேழு நாள் வைத்தார். செத்தவன் லீவு போடாமல் வந்தான்.

பிறகு ரத்தினசாமியின் மனைவி ரங்கம்மாள் குடும்பப் பென்ஷனுக்கு மனுப் போட்டபோது, உன் புருஷன் இறந்ததாகச் சொல்கிற தேதிக்குப் பிறகும் பதினேழு நாள் வேலைக்கு வந்திருக்கிறானே, எந்தத் தேதியை நம்புவது என்று காகிதம் திரும்பி வந்தது. மூன்று தரம் போட்டார், மூன்று தரமும் திரும்பி வந்தது. ஞானமுத்துவுக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்று சும்மா இருந்தார். வேலை போன பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்தார். மாதனூர்ப் பக்கம் சாவு, கல்யாணம் எதற்கும் போவதில்லை என்று ஒரு கொள்கை மட்டும் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்தார். தாழ்ப்பாளில் வலது கட்டைவிரல் பட்டது.

"தேங்க் யூ."

திரும்பிப் பார்த்தார். தெருவில் யாருமில்லை. வயசானால் காது இப்படித்தான் என்று உள்ளே போனார். பொன்மலர் மூச்சு வாங்கிக்கொண்டே காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வாங்கினார். தேங்க் யூ. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நாலு விரலால் பிடித்துப் பார்த்தார். அப்போதும் கேட்டது, ஆனால் மூன்று நாலு பேர் ஒன்றாகச் சொல்கிற மாதிரி. பொன்மலர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் சோர்ந்துபோய்ச் சாய்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. துடைக்கப் போன ஞானமுத்துவுக்குக் கை வரவில்லை. கட்டின மனைவியின் நெற்றியில் எந்த ஆண்பிள்ளையின் விரலை வைப்பது? கடைசியில் இடது சுண்டுவிரலை மட்டும் நீட்டித் துடைத்தார்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

"என்னங்க, சுண்டுவிரலால தொடைக்கிறீங்க? என் மூஞ்சி இன்னா தள்ளுபடித் தோலா?" என்றார் பொன்மலர், கண்ணைத் திறக்காமலே.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆராதனையைத் தவிர்த்துவிட்டு ஞானமுத்து மாதனூர் பஸ் ஏறினார். ரங்கம்மாள் வீடு கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே, ஷீட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. அறுபது வயதுக்கு மேலாகியும் ஷூ கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போகிறார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். ஞானமுத்து வாசலில் போய் நின்றதும், உள்ளேயிருந்து வந்த வாசனையில் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

ரங்கம்மாள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"வாங்க மேஸ்திரி. கை நல்லா இருக்குதா?"

உட்கார வைத்தார். ஞானமுத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பொன்மலரின் வால்வைச் சொன்னார், கார்டைச் சொன்னார், படிவத்தைச் சொன்னார். விரல் சங்கதியைத் தொடங்கினார். ரங்கம்மாள் பாதியிலேயே தலையாட்டி நிறுத்தினார். எல்லாம் தெரியுமாம். ஒன்பது பேருக்கும் விரல் கொடுத்த கதை ஒன்பது வீட்டுக்கும் தெரிந்ததுதான், அதிரசம் பின்னே சும்மாவா வரும் என்று கேட்டார். பதினேழு நாள் வந்ததாகப் பென்ஷன் ஆபீஸில் காகிதத்தைக் காட்டியபோது தான் மறுத்துப் பேசவில்லை என்றும் சொன்னார்.

"ஏன் ரங்கம்மா? இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"எப்பிடி இல்லன்னு சொல்றது? வந்தாரே."

அதைக் கடையில் கொத்தமல்லி வாங்கிய சேதி மாதிரி சொன்னார். அடக்கம் முடிந்த அன்றைக்கே சாயங்காலம் ஆறு பத்துக்கு எதிரே கம்பெனி பஸ் நின்றதாம். ஆள் இறங்குகிற நேரம் நின்றுவிட்டுப் போனதாம். செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து, அந்தச் சுண்ணாம்பு நெடி உள்ளே நுழைந்ததாம்.

"மொத நாளு பயந்தேன். ரெண்டாம் நாளு சோத்த வெச்சிட்டு அப்பால திரும்பிக்கினேன். தட்டு காலி. நாய் தின்னிருக்கும்னு பக்கத்து வூட்டுக்காரி சொல்றா. நாயி தட்டக் கழுவி கவுத்து வெக்குமா?"

ரத்தினசாமி உயிரோடிருந்தபோதும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவர்தான். பதினேழாம் நாள் வரைக்கும் கருவாட்டுக் குழம்புதான் வைத்தாராம், அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று. பதினெட்டாம் நாள் பஸ் நிற்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கருவாடு.

ரங்கம்மாள் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"பதினெட்டாம் நாளு ஏன் மேஸ்திரி நிறுத்திட்டீங்க?"

ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்துவிட்டது என்றார் ஞானமுத்து. அது உண்மைதான். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

படிவத்தை விரித்து, காரணம் என்ற இடத்தில் மெஷின் கோளாறு என்று எழுதினார். ரங்கம்மாள் படிக்கச் சொன்னார். படித்தார்.

"கோளாறுன்னா யாரு?"

பேனா அப்படியே நின்றது. உண்மையை எழுதினால் மோசடி செய்தவன் என்று இவருக்கே கார்டு இல்லை என்று சொல்லலாம். செவ்வாய்க்கிழமை டெபாசிட் உடையும். கோளாறு என்று எழுதினால் கார்டு வரும், இந்த அம்மாளின் பென்ஷன் காகிதம் நாலாவது தடவையும் திரும்பி வரும். அவர் வலது கட்டைவிரலைப் பார்த்தார். அது பேனாவை அழுத்திப் பிடித்திருந்தது. அவர் அவ்வளவு அழுத்திப் பிடிக்கிற வழக்கமில்லை.

கோளாறை அடித்தார். சூப்பர்வைசர் சொல்லி, ரத்தினசாமி இறந்த பிறகு பதினேழு நாள் அவர் பேரில் விரல் வைத்தவன் செலக்‌ஷன் மேஸ்திரி ஞானமுத்துவாகிய நானே என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். ரங்கம்மாள் மையில் தன் கட்டைவிரலைத் தொட்டார். வைக்காமல் ஒரு கணம் காகிதத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேர மாத்தறதுக்கு மின்னாடி அவுரு பேர்ல ஒரு தபா வெக்கணும்னு சொன்னீங்களே. நாளைக்கா?"

"ஆமா. நாளைக்கிக் காலையில."

"சரி" என்று ரேகையை வைத்தார். "அப்ப நாளைக்கி லீவு போட்டுடறேன்."

திங்கட்கிழமை அஃப்ஷா அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தாள். இதை இப்படியே ஏற்றினால் மேலே யாராவது கேள்வி கேட்கலாம், கார்டு நிறுத்தப்படலாம், கோளாறு என்று தானே மாற்றித் தட்டிவிடட்டுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்பிடியே ஏத்தும்மா" என்றார் ஞானமுத்து.

ஏற்றினாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. கேள்வி எதுவும் வரவில்லை. மோசடி நடந்த கம்பெனியே இப்போது இல்லாததால் நோட்டீஸ் அனுப்ப விலாசம் கிடைக்கவில்லை போலும். கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தார். தேங்க் யூ. ரத்தினசாமியின் முகம் வந்தது. அதன் கீழே ஒரு வரி: வருகை பதிவானது, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. சனிக்கிழமை பார்த்தபோது அந்த முகம் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததா என்று ஞானமுத்துவுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அஃப்ஷாவிடம் கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

பேரை மாற்றிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். பன்னிரண்டு மணிக்கு முகாமை மூடுவார்கள். பின்னால் யாரோ சங்கடமாக இருமினார்கள். மூன்றாம் தடவை விரலை வைப்பதற்கு முன்னால் ஞானமுத்து அதனிடம் மனசுக்குள் ஏதோ சொன்னார். கெஞ்சினாரா மன்னிப்புக் கேட்டாரா என்பது அவருக்கும் அந்த விரலுக்கும்தான் தெரியும்.

"தேங்க் யூ."

ஞானமுத்து. ஆண். எழுபத்தொன்று. துணைவி: பொன்மலர். கார்டு சூடாக வெளியே வந்தது.

அஃப்ஷா முத்திரை போட்டுக் கொடுத்த படிவத்தின் நகலை ரங்கம்மாளிடம் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதை வைத்துப் பென்ஷன் மனுவை மறுபடி போடலாம். நாளைக்கு வேலூர் போனால் திரும்ப எத்தனை நாளாகுமோ. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றும் டவுன் பஸ் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்தபோது ஷூ கம்பெனி பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் பழைய டேனரி பஸ் ஓட்டினவர். மேஸ்திரி ஏறுங்க, மாதனூர்தானே என்றார். எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லையே என்பது பாதி வழியில்தான் ஞானமுத்துவுக்கு உறைத்தது.

பஸ் ரங்கம்மாள் வீட்டுக்கு எதிரே நின்றது. இறங்கினார். அவர் இறங்கிய பிறகும் ஓர் ஆள் இறங்குகிற நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பியது. மணி ஆறு பத்து.

கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பாய் விரித்து, தட்டு வைத்து, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பும் இருந்தது. ரங்கம்மாள் சுவரைப் பார்த்தபடி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றினார் ஞானமுத்து. ரங்கம்மாள் திரும்பவில்லை.

"கையக் கழுவிக்கினு ஒக்காரு" என்றார்.

நேற்றுகூட மேஸ்திரி, வாங்க, நீங்க என்று பேசிய வாய். நான் ஞானமுத்து, காகிதம் கொடுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த அம்மாள் திரும்பிப் பார்ப்பார். ஞானமுத்து நகலை அரிசிப் பானைக்குக் கீழே செருகி வைத்தார். கையைக் கழுவினார். உட்கார்ந்தார்.

வாசனை வந்தது. எழுந்து ஓடத் தோன்றவில்லை. சோற்றைப் பிசைந்தபோது கட்டைவிரல் தானாகவே நெத்திலியின் முள்ளை நீவி ஒதுக்கியது, ஐம்பது வருஷம் பழகிய மாதிரி. இரண்டு தரம் குழம்பு ஊற்றிக்கொண்டார். பிறகு தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பாத்திரத்தைத் துலக்குகிறோம் என்று அவர் அப்போது நினைக்கவில்லை. ரங்கம்மாள் சுவரைப் பார்த்தபடியே மெல்ல மூச்சு விட்டார். ஞானமுத்து வெளியே வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கார்டைக் கொடுத்து விரலை வைக்கச் சொன்னபோது ஞானமுத்து திரையையே பார்த்தார். யார் வரப்போகிறார்கள்? ஞானமுத்துதான் வந்தார். கவுன்ட்டர் பெண் தலையாட்டி, மறுநாள் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதினாள். பணம் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

பொன்மலரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். பயமாக இருந்திருக்க வேண்டும், கணவனின் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். ஞானமுத்து இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

பொன்மலர் மூக்கைச் சுருக்கினார். கட்டைவிரலை மட்டும் தனியாகப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"கருவாட்டு வாசனை வருதே."

"சோப்பு போட்டு மூணு தபா கழுவினேன், போவல. நேத்து மாதனூர்ல சாப்ட்டேன்."

"நீங்களா?" என்றார் பொன்மலர்.

வண்டி நகர்ந்தது.